முத்துக்கண்ணன் தேர்ந்த வெளிச்சம்

ஜோசுவாவின் எலக்ட்ரிக் கடைக்கு பல்பு வாங்க வருகிறவர்கள் வாட்டைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள், வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். முத்துக்கண்ணன் எதையும் கேட்கவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையைக் கண்ணாடி மேசைமீது நீட்டி வைத்தான்.

"ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டுங்கண்ணே."

"என்னப்பா, ஊசி போடுற மாதிரி கைய நீட்டுற?"

"போடுங்க, சொல்றேன்."

ஜோசுவா வெள்ளை பல்பைப் போட்டார். கை சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. முத்துக்கண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மஞ்சள் பல்பைப் போட்டார். எண்ணெய் வடிகிற கையாக இருந்தது. அதற்கும் தலையாட்டினான். இரண்டும் கலந்தது என்று ஒன்று வந்திருந்தது. அதில் கை அவன் கையாகவே தெரிந்தது. அதைத்தான் எல்லாவற்றையும்விடச் சீக்கிரமாக வேண்டாம் என்றான்.

"யாருக்குப்பா? கடைக்கா, வீட்டுக்கா?"

"பாப்பாவுக்குண்ணே. தங்கச்சி பானு நாளைக்கு ஆஸ்பத்திரியிலருந்து பிள்ளையோட வர்றா. பின்னாடி ரூம்பு ஒதுக்கியிருக்கேன்."

"பச்சப்பிள்ளைக்கு எதுக்கு இத்தனை பரீட்சை? ஒரு ஜீரோ வாட்டு மாட்டு, கம்முனு தூங்கும்."

முத்துக்கண்ணன் கடைக்கு வெளியே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தணித்தான். "அஞ்சாம் நாளு சிலமலையிலருந்து மாப்ளே வீட்டாளுக பாக்க வர்றாகண்ணே. வந்து பாக்குற கண்ணுக்குப் பிள்ளை வெளிச்சமாத் தெரியணும்."

ஜோசுவாவுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. போடியில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து ஊதினார். "பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாணப் பொண்ணுகளுக்கு மேக்கப் போடுற கடை இருக்குல்ல? அதுக்குன்னு மதுரையிலருந்து வரவச்சது. ஒத்த லைட்டு மிச்சம். இதுல போயி நின்னா நான்கூட மாப்பிள்ளைதான்."

போட்டார். வெள்ளைக்குள் ரோஜா இதழின் நிறம் கரைத்து விட்டாற்போல் ஒரு வெளிச்சம். அதில் முத்துக்கண்ணனின் கை சந்தனம் பூசி ஆறவைத்த கையாக மாறியது. இரண்டு தரம் ஏறிவிட்டது என்று அவன் மனசு உடனே கணக்குச் சொன்னது.

"இதுதாண்ணே," என்றான்.

நிறத்தைத் தரம் பிரிப்பதுதான் முத்துக்கண்ணனின் பிழைப்பு. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பத்தாவது முடித்த கையோடு கீழே இறங்கி, போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் சலிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். சல்லடை காயின் அளவை மட்டும்தான் பிரிக்கும். எட்டு மில்லிக் காயில் எது நல்ல பச்சை, எது வெளுத்தது, எது காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூடு கூடி வெந்தது என்று பிரிக்கக் கண் வேண்டும். அந்தக் கண் அவனுக்கு இருப்பதை முதலாளி இரண்டாம் வருஷமே கண்டுகொண்டார். இப்போது வயது முப்பத்தாறு. அவன் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் தட்டில் போடுகிற போட்டிலேயே விலையை யூகிக்கிற புரோக்கர்கள் உண்டு.

அந்தக் கடையில் இரண்டு வெளிச்சம். காய் பொறுக்குகிற கூடத்தின் வடபுறக் கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருக்கும். வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். அதில் காய் எப்படியோ அப்படியே தெரியும். வாங்க வருகிறவர்களை உட்கார வைக்கிற சாம்பிள் அறையில் வேறு விளக்கு. அது லேசாகப் பச்சை கலந்தது. முதலாளி சொல்லி, முத்துக்கண்ணன்தான் தேர்ந்து மாட்டினான். அந்த விளக்கின் கீழே சுமாரான காயும் நேற்றுப் பறித்த மாதிரி முகம் காட்டும். காயில் சாயம் தேய்த்தால் குற்றம், வெளிச்சத்தில் வைத்துக் காட்டினால் என்ன குற்றம் என்பது கடைவீதியின் நியாயம். வாங்குகிறவர்களும் விவரம் தெரிந்தவர்கள். ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வாசலுக்குப் போய் வானத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த விளையாட்டு என்பதால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

அவனுக்கு ஒரே தங்கை, பானுப்பிரியா. எட்டு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அவளை நர்சிங் ஹோமில் மருந்துக்கடைப் பெண்ணாக வேலைக்குச் சேர்த்ததும், மூன்று வருஷத்துக்கு முன் சிலமலை முத்துப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். முத்துப்பாண்டி மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய அம்மா கருத்தம்மாதான், கல்யாணத்தன்று பந்தி நடக்கிற இடத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஒரு பேச்சுப் பேசினாள்.

"மேட்டுக் காயி கணக்காப் பச்சையா இருக்கும்னு பாத்தா, ஸ்டோர்ல கருகின காயில்ல கொண்டாந்து தள்ளிட்டாக!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாயச வாளியோடு அந்தப் பக்கம் வந்த முத்துக்கண்ணனின் காதில் அது விழுந்தது. அவன் தொழிலை எடுத்தே அவன் தங்கையை அடித்துவிட்டாள். அவன் மனைவி ரேணுகா அன்று வீட்டுக்கு வந்து, "பேரு கருத்தம்மா, அவுக அடுத்தவுக நெறத்தப் பேசுறாக" என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாகக் காய் பொறுக்கும்போதெல்லாம் கருகின காய் கைக்கு வந்தால் அந்தப் பேச்சும் கூடவே வந்தது.

பானுவை ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்தார்கள். தாய் இல்லாத பெண்ணுக்கு ரேணுகாதான் எல்லாம் பார்த்தாள். முத்துக்கண்ணன் பின்னறையில் இருந்த சாக்குகளை எடுத்துப்போட்டு, சுண்ணாம்பு அடித்து, மழைக்காற்று வராதபடி ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்தான். பிள்ளைக்கு எந்த விளக்கு என்பதில் மஸ்கட்டில் இருந்த முத்துப்பாண்டிக்கும் அபிப்பிராயம் இருந்தது. தினம் ஒன்றாக இருந்தது.

"மச்சான், வெள்ளை லைட்டு மட்டும் போட்டுறாதீங்க. பிள்ளைக்குக் கண்ணு கெட்டுப்போகும்னு போட்டிருக்கான்."

"யாரு மாப்ளே போட்டிருக்கான்?"

"நெட்டுலதான் மச்சான்."

மறுநாள், "மச்சான், மஞ்சளும் வேணாமாம். செவப்புன்னாத்தான் நல்லாத் தூங்குமாம்."

"செவப்பு லைட்டுப் போட்டா, அந்தக் காலத்துல போட்டோக் கழுவுற ரூம்பு மாதிரி இருக்கும் மாப்ளே. பிள்ளையக் கழுவித் தொங்கவிடவா?"

முத்துப்பாண்டி சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "ஒண்ணும் ஓடலை மச்சான். இங்கன ரூம்புல ஆறு பேரு. எந்நேரமும் லைட்டு எரியுது. அவளுக்காச்சும் ஒரு நல்ல வெளிச்சத்தப் போட்டுக் குடுங்க" என்றான். முத்துக்கண்ணன் சரி என்றான். தான் எந்த வெளிச்சத்தைத் தேடுகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம் போடி அரசு ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸ் கிருபாராணி சீட்டை ரேணுகாவின் கையில் கொடுத்துவிட்டு முத்துக்கண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சாம் நாளு காலையில கட்டாயம் கொண்டாந்து காட்டணும். அதுவரைக்கும் பிள்ளை கண்ணு, ஒடம்பு மஞ்சளா வருதான்னு பகல் வெளிச்சத்துல பாத்துக்கிட்டே இருங்க. நல்லாப் பாலு குடிக்கணும்."

"அஞ்சாம் நாளு அவுக வர்றாகளே சிஸ்டர்..."

"யாரு வந்தா என்ன? காட்டிட்டுப் போயி விருந்து வைங்க."

சரி என்றுதான் சொன்னான். ஆனால் வீட்டுக்கு வந்ததும், வருகிறவர்களுக்குக் கறி எடுக்கவே காலைப்பொழுது போய்விடும், ஆறாம் நாள் போனால் என்ன என்று ரேணுகாவிடம் சொன்னான். அவளும் சரி என்றாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று இருவருமே நினைத்தார்கள்.

வெளியே விடாத தூறல். மலையிலிருந்து இறங்கிய மேகம் தெருமுனை வரைக்கும் வந்து நின்றது. பச்சை உடம்புக்காரிக்கு வாடை ஆகாது என்று பின்னறைக் கதவைத் திறக்கவே இல்லை. பகலிலும் அந்த விளக்குத்தான் எரிந்தது.

"ரூம்பு நல்லாருக்குண்ணே," என்றாள் பானு, படுத்தபடி கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "என் கையி எனக்கே வேற ஆளு கையி மாதிரி இருக்கு."

முத்துக்கண்ணன் தொட்டிலைப் பார்த்தான். பாப்பா சந்தனக்கட்டை மாதிரி கிடந்தாள். வேலையிலிருந்து வந்ததும் கைகாலைக் கழுவிவிட்டு அவன் நேரே அங்கேதான் போனான். நல்ல சரக்கு இறங்கிய நாளில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நிறைவு. எவளாவது இனி ஒரு சொல் சொல்லட்டும் பார்ப்போம் என்று இருந்தது.

"ஒரு சத்தம் இல்லையே, என்ன பதவிசு!" என்று ரேணுகா மெச்சினாள்.

"பாலுதான் குடிக்க மாட்டேங்குறா மதினி," என்றாள் பானு. "ரெண்டு இழுப்பு இழுக்குறா, தூங்கிர்றா. எழுப்புனாலும் முழிக்கிறதில்ல."

"எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் ஆத்தா," என்றான் முத்துக்கண்ணன். பிள்ளை பெறாத வீடு அது. எல்லாப் பிள்ளையும் எப்படி என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குச் சிலமலையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. கருத்தம்மாவோடு ஆறு பெண்கள். மழைக்குச் சேலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக உள்ளே நுழைந்தார்கள்.

"என்ன மருமகனே, வீட்டுக்கு வர்ற பாதையில இம்புட்டுச் சகதி? எங்க கால வழுக்கி விடுறதுக்கா?"

"ரோட்ட நானா அத்தே போட்டேன்? உள்ள வாங்க, தண்ணி ஊத்துறேன்."

"ஊத்து, ஊத்து. தாய்மாமன் இன்னைக்கு எல்லாஞ் செய்யணும்."

பின்னறைக்குள் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். முத்துக்கண்ணன் காப்பித்தட்டோடு கதவோரம் வந்து நின்றான். மூன்று வருஷமாக அவன் காத்திருந்த நிமிஷம். கருத்தம்மா தொட்டிலிலிருந்து பிள்ளையைத் துணியோடு அள்ளி மடியில் போட்டு, துணியை விலக்கிப் பார்த்தாள். அவள் புருவம் ஏறியது.

"அடி ஆத்தீ! எலுமிச்சம்பழம் கணக்கால்ல இருக்கா! எங்க வகையறாவுல இப்படி ஒரு நெறம் பிறந்ததே இல்லையே!"

"ஆமா மதினி, தகதகன்னு இருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஆத்தாளக் கொண்டு பொறக்கல. பொழச்சா."

எல்லோரும் சிரித்தார்கள். பானுவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

முத்துக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழம் என்ற சொல் அவன் காதில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்த விளக்கை அவன் தன் கையில் போட்டுப் பார்த்திருக்கிறான். பானுவின் கையில் பார்த்திருக்கிறான். அது சந்தனம் காட்டும், கோதுமை காட்டும். எலுமிச்சை காட்டாது. மஞ்சளை அமுக்கி ரோஜாவைத் தூக்குகிற விளக்கு அது. அதற்காகத்தான் அதை வாங்கினான். நேற்றுவரை சந்தனமாக இருந்த பிள்ளை இன்று அந்த விளக்கிலேயே மஞ்சளாகத் தெரிகிறது என்றால்?

சாம்பிள் அறையில் அவன் பலமுறை பார்த்திருக்கிறான். அந்தப் பச்சை விளக்கின் கீழேயே ஒரு காய் வெளுத்துத் தெரிந்தால், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவே வேண்டாம். அது எப்போதோ போன காய்.

காப்பித்தட்டை யாருக்கும் நீட்டாமல் நின்றான். ரேணுகா வந்து வாங்கிக்கொண்டாள்.

இப்போதே தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டும். அதைச் செய்ய அவனுக்குக் கால் வரவில்லை. இத்தனை பேர் நடுவில் பிள்ளையை ஏன் வெளியே கொண்டுபோகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வெளிச்சத்தில் பிள்ளையின் சொந்த நிறம் தெரிந்துபோனால், இப்போது மெச்சிய அதே வாய் என்ன சொல்லும்? இவர்கள் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பியதும் ஆட்டோ பிடித்துவிடலாம். நாலு மணி நேரம்தானே.

அடுப்படிக்குப் போய் இலை நறுக்கினான். நறுக்கிய இலையையே மறுபடி நறுக்கினான். ஒருவேளை விளக்கில் ஏதாவது கோளாறோ என்று ஒரு தரம் நினைத்தான். தூறல் விட்டிருந்தது. சாப்பாடு போட்டார்கள். கருத்தம்மா கறியில் காரம் போதவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டாம் தரம் வாங்கினாள். அவன் பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். முக்கால் மணி நேரம் அப்படிப் போனது. அந்த முக்கால் மணி நேரத்தை அவன் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதைக் கழித்துவிட்டு அவனால் எந்தக் கணக்கும் போட முடியவில்லை.

ரேணுகா வந்து காதருகே சொன்னாள். "ஏங்க, பிள்ளை முழிக்கவே மாட்டேங்குதாம். பானு உள்ளங்காலச் சுண்டிப் பாத்துட்டா. சிணுங்கக்கூட இல்லையாம்."

குழம்பு வாளியை அப்படியே கீழே வைத்தான். பின்னறைக்குள் போனான், பானுவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தான், கொல்லைக் கதவை உதைத்துத் திறந்தான்.

"அண்ணே! எங்கண்ணே தூக்கிட்டுப் போற?"

வெளியே வெயில் இல்லை. வானம் முழுக்க ஒரே சாம்பல். காய் பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. எதையும் கூட்டாது, எதையும் குறைக்காது. கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை இழுத்துத் துவைக்கிற கல்லின்மேல் விரித்து, பிள்ளையைக் கிடத்தித் துணியை விலக்கினான்.

முகம் மஞ்சள். நெஞ்சு மஞ்சள். வயிறு, தொடை, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கியிருந்தது. பழைய மஞ்சள்கிழங்கை உடைத்தால் உள்ளே இருக்கிற நிறம். கட்டைவிரலால் இமையை மெல்ல ஏற்றினான். வெண்விழியும் அதே நிறம்.

"மருமகனே, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" கருத்தம்மா எச்சில் கையோடு கொல்லைக்கு ஓடிவந்தாள். "பச்ச மண்ண வாடையில கொண்டாந்து கல்லுல போட்டிருக்க!"

"இங்கன வந்து பாருங்கத்தே."

அவள் குனிந்து பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றாள். பிறகு நிமிர்ந்து கதவு வழியாகப் பின்னறையைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். "உள்ள நல்லாத்தானப்பா இருந்தா? இப்பத்தான மடியில வச்சிருந்தேன்?"

"அந்த லைட்டு அப்படித்தான் காட்டும். நாந்தான் பாத்து வாங்கி மாட்டுனேன்."

"எதுக்கு?"

பிள்ளையை வேட்டியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு, "ரேணுகா, அந்தச் சீட்ட எடு. வெரசா வா" என்று தெருவுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கிருபாராணி பிள்ளையைப் பார்த்ததும் முகம் மாறினார். நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்திலும் மஞ்சள்தான் இருந்தது. "காலையில கொண்டாரச் சொன்னேன்ல? பகல் வெளிச்சத்துல பாக்கச் சொன்னேன்ல?" என்றார். அவன் தலையைக் குனிந்து நின்றான். அவர் அதற்குமேல் திட்டவில்லை. ஊசிக்குழலில் பால் புகட்டிப் பார்த்துவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் போட்டுத் தேனிக்கு அனுப்பினார். பின்னால் வந்து சேர்ந்த பானுவும் அதே வண்டியில் ஏறினாள். வழி முழுக்க அவள் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள்.

தேனியில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை அளவு பத்தொன்பது புள்ளி நாலு என்று வந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். பதற்றப்படாமல், ஆனால் எதையும் மறைக்காமல் சொன்னார். "இது ரொம்ப அதிகம். லைட்டுக்குக் கீழ வைக்கிறோம். எறங்கலைன்னா ரத்தம் மாத்த வேண்டியிருக்கும். இன்னும் ஏறினா மூளையத் தொடும். நேத்தே கண்டுபிடிச்சிருக்கலாமே?"

ரேணுகா கையிலிருந்த சீட்டை இன்னும் சின்னதாக மடித்தாள்.

பாப்பாவின் கண்ணைக் கட்டி, துணியில்லாமல் ஒரு கண்ணாடித் தொட்டிலில் கிடத்தினார்கள். மேலே வரிசையாக நீல விளக்கு. அறைக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணாடி வழியாக முத்துக்கண்ணன் பார்த்தான். இருபது வருஷமாக எந்த வெளிச்சம் எதைக் கூட்டும் எதைக் குறைக்கும் என்று கழித்துப் பார்க்கத் தெரிந்தவன். இந்த நீலத்தில் அவனால் எதையும் கழிக்க முடியவில்லை. பிள்ளையும் நீலம், விரிப்பும் நீலம், பக்கத்தில் நிற்கிற நர்சின் கையும் நீலம்.

மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "மச்சான், எறங்குதா? நீங்க கண்ணால பாத்தாலே சொல்லிருவீங்களே? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மச்சான்."

"இந்த லைட்டுல ஒண்ணும் தெரியாது மாப்ளே."

"கொஞ்சங்கூடவா?"

"டெஸ்ட்டு வரட்டும் மாப்ளே. காலையில எடுப்பாக."

"நான் கெளம்பி வரவா? இங்கன லீவு தர மாட்டான், ஆனா நான் வர்றேன்." குரல் உடைந்தது. "நாந்தான மச்சான் அந்த லைட்டு வேணாம், இந்த லைட்டு வேணாம்னு ஒங்களக் கொழப்பிவிட்டேன்?"

"இல்ல மாப்ளே. ஒங்களால இல்ல," என்றான் முத்துக்கண்ணன். போனை ரேணுகாவிடம் கொடுத்தான்.

காலையில் பதினாறு புள்ளி எட்டு. இறங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் இரண்டு நாள் இருக்கவேண்டும் என்றார் டாக்டர். கருத்தம்மா ஊருக்குப் போகவில்லை. கூட வந்தவர்களை வேனில் அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்தாள். பானுவுக்கு எங்கிருந்தோ ரசம்சோறு வாங்கிவந்து பிசைந்து கொடுத்தாள். பத்து மணிவாக்கில் முத்துக்கண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மருமகனே, ரேணுகா சொன்னா. நான் ஏதோ பேசுனேனாமே, கல்யாணத்துல?"

"ஸ்டோர்ல கருகின காயின்னீக."

கருத்தம்மா யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். "நானா? நெனப்பு இல்லையேப்பா. கல்யாண வீட்டுல என்னென்னமோ பேசுறோம்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்காகவா இந்த லைட்டு?"

மூன்று வருஷமாக அவன் நெஞ்சில் கிடந்தது, சொன்னவள் மனசில் மூன்று நாள்கூட இருந்திருக்கவில்லை.

எதிர் பெஞ்சில் சுவரில் சாய்ந்திருந்த பானு கண்ணைத் திறந்தாள். நேற்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. "எனக்கும் அது கேட்டுச்சு," என்றாள். "பந்தியில ரெண்டு ஆளு தள்ளித்தான உக்காந்திருந்தேன். அவுக பேசுனாக, நான் சாப்பிட்டேன். அன்னைக்கே விட்டுட்டேன். நீதான் அதக் கட்டிக்கிட்டு அலைஞ்சிருக்க."

"ஒன்னையச் சொன்ன மாதிரி பிள்ளையவும் சொல்லிறக் கூடாதுன்னுதான் ஆத்தா..."

"சொன்னா என்ன? கருப்புன்னு சொல்லுவாக. கருப்புத்தான். நானும் கருப்பு, நீயும் கருப்பு. அதுக்கு எம் பிள்ளைய லைட்டுப் போட்டு மறைக்கணுமா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அவுகளாச்சும் வாயால சொன்னாக. நீ அதச் சரின்னு நம்பிட்ட. எம் பிள்ளைகிட்ட ஒரு கொறை இருக்கு, மூடிக் காட்டணும்னு நெனச்சிட்ட. அப்ப அது பொறந்து மூணு நாளுகூட ஆகலண்ணே."

கருத்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்கண்ணன் பேச வாயெடுத்தான். நீ என் தங்கச்சி, உனக்காகத்தான் என்று சொல்ல நினைத்தான். அந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி என்பது அவனுக்குத் தெரிந்தது. ஜோசுவாவின் கடையில், தன் கை தன் கையாகத் தெரிந்த விளக்கைத்தானே பார்த்த மாத்திரத்தில் தள்ளினான்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பானுப்பிரியா பேபி! அம்மா வாங்க, பால் குடுக்கணும்."

பானு எழுந்தாள். அவனும் எழுந்தான்.

"நீ இங்கனயே இரு," என்றாள். போனாள்.

மத்தியானம் முழுக்க அவன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடையிலிருந்து முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுத்த முடிவு வந்தது. லேப்பில் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்க்கப் பயந்து, மடித்தபடியே கொண்டுபோய் அறை வாசலில் நின்றான். பானு வந்து வாங்கினாள். தானே பிரித்துப் படித்தாள். எண்ணின்மேல் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

"பதிமூணு புள்ளி ஒம்பது," என்றாள். "பாலும் ரெண்டு தரம் நல்லாக் குடிச்சா. டாக்டர் இனி பயமில்லைங்குறாக. காது மட்டும் மூணாம் மாசம் ஒருக்க டெஸ்ட்டுப் பண்ணணுமாம்."

"காதா? எதுக்குக் காது?"

"இம்புட்டு ஏறிருச்சுல்ல, அதுனால. ஒண்ணும் இருக்காது, பாத்து வச்சுக்கிருவோம்னாக."

மூன்று மாதம். அந்த முக்கால் மணி நேரம் அதில் எவ்வளவு என்று யார் சொல்வார்கள்?

"வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வாண்ணே," என்றாள் பானு. "ஒரு மாதிரியா நிக்கிற. வர்றப்ப பிள்ளைக்கு ரெண்டு துணி கொண்டா."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தில் கோபம் தணிந்திருந்ததா, களைப்பில் மங்கியிருந்ததா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. துணி கொண்டா என்று சொன்னாளே, அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினான். போடி பஸ்சில் ஏறி உட்காரும்போது, போதுமா என்று இருந்தது.